விடாமல் நடப்பதா, விட்டுவிட்டு நடப்பதா? சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு எந்தப் பயிற்சி?

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவரிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பலர் ஐந்து நிமிடத்தில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவார்கள், மறுநாள் செருப்பையே மாட்ட மாட்டார்கள். அவர்களைச் சோம்பேறி என்பது அநியாயம்.

நுரையீரல் மறுவாழ்வில், அதாவது நுரையீரல் நோயாளிகளுக்கான பயிற்சித் திட்டத்தில், இரண்டு வழி உண்டு. ஒரே வேகத்தில் 20, 30 நிமிடம் விடாமல் நடப்பது அல்லது சைக்கிள் மிதிப்பது ஒன்று. 30 வினாடி அழுத்தி மிதித்து, 30 வினாடி ஓய்வெடுத்து, மறுபடி மிதிப்பது இன்னொன்று. உடல் திறன் கூடுவதில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான் என்கின்றன ஆய்வுகள். வித்தியாசம் மூச்சில்தான் தெரியும். இந்த நோயில் உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டி வந்துவிடுகிறது, வேகம் கூடக் கூட நெஞ்சுக்குள் காற்று தேங்கிக்கொண்டே போகும். இடையில் கிடைக்கும் அந்த அரை நிமிடத்தில் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால் தேங்கியது கொஞ்சம் வடியும். அதனால் நோய் முற்றியவர்களுக்கு விட்டுவிட்டுச் செய்வதைத்தான் நான் சொல்வேன். லேசான நோய், ஏற்கெனவே நடக்கிறவர் என்றால் சரி, விடாமலே நடக்கட்டும்.

நடையா, சைக்கிளா? நடக்கும்போது இறங்குகிற அளவுக்கு சைக்கிளில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு இறங்காது. ஆனால் கடைக்குப் போய் வர உதவுவது நடைதான். எதுவானாலும், விரலில் மாட்டி அந்த அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்துங்கள்.

அப்புறம் தொடை. அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், 8 முதல் 12 தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. பயிற்சியால் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) எண் பெரிதாக மாறாது, ஆனால் கால் தேறினால் அதே படிக்கட்டுக்கு மூச்சு குறைவாகத்தான் வாங்கும். மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே எழுப்பும் அந்த மூன்று பந்துக் கருவியை உறிஞ்சிக்கொண்டிருப்பது இதற்கு ஈடாகாது.

மறுவாழ்வு மையத்துக்கு வாரம் இரண்டு நாள் போக முடியாதவர்களுக்கு வீட்டுப் பயிற்சி இரண்டாந்தரமில்லை. 2017-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்து, பிறகு வாரம் ஒரு போன் மட்டும் செய்தார்கள். 8 வார முடிவில் பலன் மையத்துக்குப் போனவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பிலும் அந்தப் பலன் நிலைக்கவில்லை, எனவே எட்டு வாரத்தோடு யாரும் நிறுத்திவிடாதீர்கள்.