நாலு கோடைக்குப் பிறகு எங்கள் நேரோபோட்: கூரை இருந்தும் நனைகிறேன்

நேரோபோட் என்பது பிரிட்டன் கால்வாய்களுக்கென்றே கட்டிய ஒடுக்கமான, நீளமான படகு. போன வாரம்தான் எங்கள் படகின் பின்பக்கத் துணிக்கூரைக்குப் புது ஜிப் வைத்து வாங்கி வந்தேன், இது மூன்றாவது தடவை. அதே நாள் சாயங்காலம் நண்பர் போன் செய்து "நாங்களும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எப்படி இருக்கு?" என்றார். எரிச்சலில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவருக்காகவும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 57 அடி, குரூஸர் ஸ்டெர்ன். அதாவது பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து நிற்கும் அளவுக்குத் திறந்த மேடை. வெயில் நாளில் போய்ப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும், எங்களுக்கும் அப்படித்தான் பிடித்தது. ஆனால் டில்லரை, அதாவது படகைத் திருப்பும் கைப்பிடியை, பிடித்து ஓட்டுகிறவர் நிற்கும் இடமும் அதேதான், தலைக்கு மேல் வானம் மட்டும். துணிக்கூரை இருக்கிறதே என்பீர்கள். அது படகைக் கரையில் கட்டிய பிறகு விரிப்பதற்கு. ஓடும்போது விரித்தால் முன்னால் தெரியாது, லாங்கோலன் கால்வாயின் தாழ்வான கல் பாலங்களில் அதன் சட்டம் இடிக்கும். மழையில் எனக்குத்தான் கூரை வேண்டும், அப்போதுதான் அது மடிந்து கிடக்கிறது. நாலு வருஷமாக இதுதான் என் கோபம்.

இந்த ஜூலையில் ஒரு நாள். காலையில் அதே கால்வாயில் இருக்கும் ரென்பரியில் நல்ல வெயில், கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினோம். கிரிண்ட்லி புரூக்கில் மேலே உள்ள மூன்று லாக்குகளும் (தண்ணீரை நிரப்பி, வடித்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) படிக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியவை. அங்கே வரிசையில் காத்திருக்கும்போது மழை பிடித்தது. விரித்தேன். பத்து நிமிஷத்தில் எங்கள் முறை வந்துவிட்டது, ஈரத்தோடு மடித்தேன். மேலே ஏறியதும் வெயில், கொஞ்ச தூரத்தில் மறுபடி சாரல். நனைந்த துணி விறைத்துக்கொள்ளும், மண் துகள் ஏறிய ஜிப் பாதியில் நிற்கும், இழுத்தால் பல் போய்விடும். அன்றைக்குப் போனதுதான் இப்போது மாற்றியது.

காற்றையும் சொல்ல வேண்டும். 15 டன்னுக்கு மேல் எடை, ஆனால் அடி தட்டை, தண்ணீருக்குள் இருப்பது சுமார் இரண்டடி. அதனால் பக்கவாட்டில் வீசும் காற்று மொத்தப் படகையும் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பதை நான் டில்லரைப் பிடித்துக்கொண்டுதான் உணர்ந்தேன். கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நம் அலை இழுத்து அவர்கள் கயிறு கட்டிய முளைகள் ஈர மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். வேகம் குறைந்தால் டில்லருக்குப் பிடி இல்லை, காற்று நம்மை நேராக அந்தப் படகுகள் மேலேயே கொண்டுபோகும். எத்தனை வருஷம் ஓட்டினாலும் அந்த அரை நிமிஷம் வயிறு கலங்குகிறது.

சரி, இத்தனைக்கும் மழையைத் திட்டவும் மனசு வரவில்லை. 2025 கோடையில் கூரைக்கு வேலையே இல்லை, அப்படி ஒரு வறட்சி. லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் போகத் திட்டம் போட்டிருந்தோம், தண்ணீர் இல்லாமல் மூடிவிட்டார்கள். அந்த வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் பொன்ட்கசில்ட்டே. டெல்ஃபோர்டும் ஜெசப்பும் 1805-இல் முடித்த இரும்புத் தொட்டிப் பாலம், கால்வாயே அதன் மேல்தான் போகிறது, கீழே 38 மீட்டர் ஆழத்தில் டீ என்ற ஆறு ஓடுகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும், அதுவும் தண்ணீருக்குச் சற்று மேலே முடிந்துவிடும். பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் நேரே மரங்களின் உச்சி. இந்தத் தடவை நாங்கள் நடுவில் இருந்தபோது மழை விட்டு, மேகம் பிளந்து, பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மட்டும் பச்சைப்பசேலென்று வெளிச்சம் விழுந்தது. உள்ளேயிருந்து என் மனைவி "ஏங்க, டீ போடவா?" என்று கேட்டாள், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றிருந்தேன். மேலே கூரை இருந்திருந்தால் அதைப் பாதிதான் பார்த்திருப்பேன்.

ராத்திரி எங்காவது கட்டிவிட்டு, அடுப்பில் ரெண்டு கட்டை போட்டு, இரும்புக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுப்பது இருக்கிறதே, அந்தத் தூக்கம் எனக்கு வீட்டில் வருவதில்லை.

எங்கள் படகை விற்கப்போவதில்லை. ஆனால் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். ஆசை தீராவிட்டால் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், மழை வரும் வாரமாகப் பார்த்து எடுங்கள். அதற்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்றால் பழைய பாணி டிராட் ஸ்டெர்னாகப் பாருங்கள். ஓட்டுகிறவர் கதவுக்கு உள்ளே நிற்கலாம், மேலே நனைந்தாலும் இடுப்புக்குக் கீழே காய்ந்திருக்கும், காலுக்கு இன்ஜின் சூடும் கிடைக்கும். குரூஸர் ஸ்டெர்ன் மட்டும் வேண்டவே வேண்டாம்.