இசைவகை மாறும் கலைஞர்களுக்கான கடை: பேண்ட்கேம்ப் குறித்து ஒரு மதிப்புரை

ஒரே இசைவகைக்குள் நில்லாமல், ஆல்பத்துக்கு ஆல்பம் வேறு திசையில் போகும் சுயாதீனக் கலைஞர்களை விரும்பிக் கேட்பவர்களுக்கு, இணையத்தில் இருக்கும் இசைக் கடைகளில் பேண்ட்கேம்ப்பைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். மாதச் சந்தா வாங்கும் செயலிகள் பாடல்களைத் தனித்தனியே பிரித்துவைத்து, நாம் ஏற்கெனவே கேட்டதன் சாயலில் இருப்பதையே அடுத்தடுத்து ஒலிக்கவிடுகின்றன. சென்ற ஆண்டு மெட்டல் வாசித்த குழு இந்த ஆண்டு ஜாஸ் பக்கம் போனால், அந்தப் புதிய இசை பழைய ரசிகரின் காதுக்கு வந்துசேரும் வாய்ப்பு அங்கே குறைவு. 2008இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப்பில் கடையின் ஒழுங்கே வேறு: கலைஞருக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் அவருடைய ஆல்பங்கள் எல்லாம் அட்டைப்படங்களாக வரிசையாக நிற்கின்றன, எதைக் கேட்பது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

இந்த ஒழுங்கின் பயனை உணர்வதற்கு, 2010இல் மெல்பர்னில் உருவான கிங் கிஸர்ட் அண்ட் த லிசர்ட் விசர்ட் குழுவின் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து ஆல்பங்களை வெளியிட்டவர்கள் இவர்கள். அவற்றுள் முதலாவதான 'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா'வுக்காகக் கிதாரின் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் வழக்கமான உலோக மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவே கூடுதல் மெட்டுகளைப் பொருத்தி, அரைச்சுரத்திலும் பாதியான இடைவெளிகளில் வாசித்தார்கள். அதே ஆண்டின் மூன்றாவது ஆல்பம், மைல்ட் ஹை கிளப் என்னும் இசைக்குழுவுடன் சேர்ந்து ஜாஸ் சாயலில் நிதானமாக நகர்கிறது. 2019இல் 'இன்ஃபெஸ்ட் த ராட்ஸ் நெஸ்ட்' வேகமும் ஆவேசமும் கூடிய முழுமையான த்ராஷ் மெட்டல். 2021இல் 'பட்டர்ஃப்ளை 3000' சின்தசைசர்களின் மேல் எழுந்தது. 2025இல் வந்த 27ஆவது ஸ்டுடியோ ஆல்பமான 'ஃபேண்டம் ஐலண்ட்' ஆர்கெஸ்ட்ராவோடு இசைக்கப்பட்டது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருப்பதால், மெட்டலுக்காக உள்ளே வந்தவர் அருகிலிருக்கும் ஜாஸ் ஆல்பத்தையும் திறந்து பார்க்கிறார்.

ஓர் ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் பாடல் பட்டியல், கலைஞர் இணைத்திருந்தால் பாடல் வரிகள், யார் எந்தக் கருவியை வாசித்தார் என்னும் விவரம், கலைஞரே சேர்த்த இசைவகைக் குறிச்சொற்கள் ஆகியவை கிடைக்கின்றன. அட்டைப்படத்தின் அருகே, அதை ஏற்கெனவே வாங்கியவர்களின் சிறு படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றைத் தொட்டால் அந்த ரசிகரின் சேமிப்பு முழுவதும் விரிகிறது. நமக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தை வாங்கியவர் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போகையில், எந்தக் கணக்கீட்டு நிரலும் காட்டாத இசைக்கு நாம் போய்ச்சேர்கிறோம். இந்தக் கடையின் ஆகச் சிறந்த அம்சம் இதுவே என்பது என் துணிபு.

வாங்கியபின் கோப்பு நம்முடையது. எம்பி3, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக், வேவ் உள்ளிட்ட பல வடிவங்களில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்கிக்கொள்ளலாம். இது தொழில்நுட்பப் பிரியர்களுக்கு மட்டுமான சலுகை அன்று. கிங் கிஸர்ட் குழுவின் 2016ஆம் ஆண்டு ஆல்பமான 'நானகன் இன்ஃபினிட்டி'யில் ஒன்பது பாடல்களும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்திருப்பதோடு, கடைசிப் பாடலின் முடிவு முதல் பாடலின் தொடக்கத்தோடு சேர்ந்து வட்டமாகிவிடுகிறது. எம்பி3யாக மாற்றும்போது கோப்பின் இரு முனைகளிலும் மிகச் சிறிய மௌனம் ஒட்டிக்கொள்வதால், அதை நீக்கத் தெரியாத பிளேயரில் பாட்டுக்குப் பாட்டு ஒரு வெட்டு விழும். ஃப்ளாக் கோப்பில் அந்த வெட்டு இல்லை; டிரம்ஸின் ஓட்டம் அறுபடாமல் அடுத்த பாடலுக்குள் நுழைவதைக் கேட்டபின், இந்த ஆல்பத்தை வேறு விதமாகக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

பணக் கணக்கும் கலைஞருக்குச் சாதகமாகவே இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், இசைத்தட்டு, சட்டை போன்ற பொருள்களில் 10 சதவீதமும் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றச் செலவும் போகச் சராசரியாக 82 சதவீதம் கலைஞரையோ அவருடைய வெளியீட்டாளரையோ சேர்கிறது. 2020 மார்ச் முதல், 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கப்படும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் நிறுவனம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு உரிமத்தொகை கிடையாது. பத்து விதமான இசையில் நூறு பாடல்களைச் செய்துவைத்திருக்கும் சிறு கலைஞரை இந்த விதி எவ்வளவு பாதிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிங் கிஸர்ட் குழு 2025 ஜூலையில் ஸ்பாட்டிஃபையைவிட்டு விலகியதற்குக் காரணம் வேறு: அதன் அப்போதைய தலைமை நிர்வாகி டேனியல் ஏக் ஹெல்சிங் என்னும் ராணுவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முதலீடு செய்ததை எதிர்த்தே அவர்கள் வெளியேறினார்கள். அதையடுத்துத் தங்கள் ஆல்பங்களை, வாங்குபவரே விலை சொல்லும் முறையில் பேண்ட்கேம்ப்பில் வைத்தார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் இந்தக் கடையை வாங்கியது. அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்ட்ராடருக்குக் கைமாறியபோது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிழந்தார்கள். கலைஞர்களுக்கு நியாயம் செய்வதைப் பெருமையாகச் சொல்லும் ஒரு கடை, தன் ஊழியர்களை நடத்திய விதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இந்தியாவிலிருந்து வாங்குபவருக்கு யுபிஐ வசதி இல்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி பெற்ற வங்கி அட்டை வேண்டும். கலைஞர்களுக்குப் பணம் பேபால் என்னும் இணையப் பணச் சேவை வழியாகவே போய்வந்த நிலையில், அந்த நிறுவனம் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை 2021 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டதால், சென்னையில் இருக்கும் ரசிகர் மெல்பர்ன் குழுவின் ஆல்பத்தை எளிதில் வாங்க, பக்கத்துத் தெருக் கலைஞரின் ஆல்பத்தை வாங்கத் திண்டாட வேண்டியிருக்கிறது. இங்கே பல மொழிகளையும் பல இசைவகைகளையும் கலந்து உழைக்கும் இளைஞர்களுக்கு இது பெரிய இழப்பு.

இசைத்தட்டுகளுக்கு அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்ந்துவிடும் என்பதால், இங்கிருந்து வாங்குபவர்களுக்கு டிஜிட்டல் பதிப்பே போதும் என்று நினைக்கிறேன். வாங்கிய கையோடு கோப்புகளைப் பதிவிறக்கித் தனி வன்தட்டில் ஒரு படி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இருமுறை கைமாறிய கடை மூன்றாம் முறையும் மாறலாம். எங்கே தொடங்குவது என்று தயங்குபவர்கள், 2017இல் கிங் கிஸர்ட் குழு மூலப்பதிவுகளோடு இலவசமாகக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் இசைத்தட்டாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்த 'பாலிகாண்ட்வானாலேண்ட்' ஆல்பத்தைக் கேட்கலாம். அது பிடித்துப்போனால் அடுத்ததாக 'நானகன் இன்ஃபினிட்டி'யைக் காசு கொடுத்து வாங்குங்கள், ஃப்ளாக் வடிவில்.