ஆறு வருஷமா ஒரு மஞ்சள் மீட்டரோட

மச்சான் நேத்து போன்ல கேட்டான்: "மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கணும், உன்னுது எப்படிக் கீது?" கேட்ட நேரம் சரியில்ல. என் மீட்டரோட ப்ரோப் (தொட்டுப் பார்க்கிற முனை) ஒயர் அடியில விட்டுப்போய், மூணாவது தடவையா பத்தவெச்சுக்கிட்டு இருந்தேன்.

வேலூர் லாங்கு பஜார்ல வாங்கினது. எல்லார் வீட்லயும் இருக்கிற அதே மஞ்சள் டப்பாதான்.

முதல்ல வயித்தெரிச்சலைச் சொல்லிடறேன். ஓம்ல, அதாவது ரெசிஸ்டன்ஸை (மின்தடையை) அளக்கிற இடத்துல வெச்சு ரெண்டு முனையையும் ஒண்ணோடொண்ணு தொட்டா பூஜ்யம் காட்டணும். இது 0.6 காட்டும். அழுத்திப் பிடிச்சா 0.4, ஒயர் கொஞ்சம் வளைஞ்சா 1.1. ஆறு வருஷமா இதே கூத்து. 1500 வாட்ஸ் ஹீட்டர் காயில் 35 ஓம் இருக்கும், அதுல அரை ஓம் கூடினா யாருக்கு நஷ்டம்? ஆனா நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ரெண்டே ரெண்டு ஓம்.

பள்ளிகொண்டா பக்கம் நிலத்துல 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். விடிகாலையில எப்படியோ எடுத்துக்கும். சித்திரை மதியத்துல சுவிட்சைப் போட்டா உறுமும், சுத்தாது. மோட்டார் பக்கம் ஒயரைக் கழட்டி மீட்டரை வெச்சேன்: 228 வோல்ட். "வோல்டேஜ் நல்லாத்தானே கீது, கெப்பாசிட்டரை மாத்து"ன்னார் நைனா. மோட்டார் கிளம்ப உதவற அந்தக் கெப்பாசிட்டர் ரெண்டு போச்சு. வைண்டிங்கே (உள்ள சுத்தியிருக்கிற கம்பி) புதுசா கட்டணும்னார் ரிப்பேர்காரர்.

228 நிஜம்தான். கரண்டே ஓடாத ஒயர்ல வோல்டேஜ் எங்க குறையும்? இது எனக்கு உறைக்க ஒரு மாசம் ஆச்சு.

ஒருநாள் காலையில மோட்டார் ஓடும்போதே பார்த்தேன். சுவிட்ச் பொட்டியில 221, மோட்டார்ல 207. லைன் வோல்டேஜே ஏறி இறங்குதோன்னு நாலு தடவை நடந்து நடந்து பார்த்தேன், அதே 14 வித்தியாசம். ஏசி ஆம்ப்ஸ் பார்க்க இந்த டப்பாவுக்குத் துப்பில்ல; மோட்டார் தகட்டுல 7 ஆம்ப்ஸ்னு இருந்துது. குறையற வோல்டேஜைக் கரண்டால வகுத்தா ஒயரோட ரெசிஸ்டன்ஸ்: 14-ஐ 7-ஆல வகுத்தா 2 ஓம். ஒயர் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர், தூரம் 80 மீட்டர், போக வர 160. கிலோமீட்டருக்கு 12 ஓம்னா 1.9 வருது. ஜெர்மனிக்காரர் ஓம் 1827-ல அச்சுல போட்ட கணக்கு எங்க வரப்புல வந்து உட்கார்ந்துக்கிச்சு!

மோட்டார் கிளம்பறப்ப ஓடற கரண்டைப் போல அஞ்சு மடங்கு இழுக்கும். அப்ப 60, 70 வோல்ட் ஒயர்லயே தின்னுபோயிடும். மதியத்துல ஒயர் சூடேறினா இன்னும் மோசம். 10 டிகிரிக்கு காப்பரோட ரெசிஸ்டன்ஸ் 4 சதவீதம் கூடும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லணுமா?

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, வோல்டேஜ் பார்க்கும்போது ப்ரோப்போட ஆட்டம் ஒண்ணும் எடுபடல. மீட்டர் வழியா ஓடற கரண்ட் அவ்வளவு சொற்பம், அதுல அரை ஓம் ஏறினா என்ன, இறங்கினா என்ன. ஓம்ல வெச்சு மல்லுக்கட்டினது வீண். அதே ஓட்டை ஒயரை வெச்சுத்தான் கடைசியில ரெண்டு ஓமைப் பிடிச்சேன்.

4 ஸ்கொயர் ஒயர் மாத்தினோம். இப்ப குறையறது 5 வோல்ட். சுவிட்சைத் தொட்டா தண்ணி. வைண்டிங் கட்டற செலவு மிச்சம், மீட்டர் விலையைப் போல பல மடங்கு.

அதனால மச்சான், நீ இதை வாங்காத. ஒயரைக் கவ்விப் பிடிச்சே ஆம்ப்ஸ் காட்டற கிளாம்ப் மீட்டரா பார்த்து வாங்கு. என்னுதை இரவல் கேட்டா தரேன், ப்ரோப் மட்டும் நீயே வாங்கிட்டு வா.