90 அடி ரோட்டுப் பாத்திரக் கடை: மகள் வருவதற்குள் மாற்றிய சமையலறை

என் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, பிரசவத்துக்கு இங்கே மும்பை சயான் கோலிவாடா வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. அவள் மூன்று வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். போன மாதம் அவளோடு நானும் டாக்டரிடம் போயிருந்தேன். மாத்திரை அளவையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "சூடான சாப்பாட்டை பிளாஸ்டிக்ல போடாதீங்க, பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவ்ல வைக்காதீங்க" என்றார் அந்த டாக்டரம்மா. இவளுக்குத் தைராய்டு வந்ததே அதனால்தானா என்று கேட்டேன். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வயித்துல இருக்கிற குழந்தைக்கு இது எல்லாம் உருவாகிற நேரம். நம்மால தவிர்க்க முடிஞ்சதைத் தவிர்த்துடலாமே" என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து எண்ணினேன். 43 பிளாஸ்டிக் டப்பாக்கள். பாதிக்கு மேல் என் அம்மா காலத்தில் வந்தவை. அப்போதெல்லாம் பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் பாண்டிவாலிகள் வாரம் ஒருமுறை எங்கள் சாலுக்கு, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, வருவார்கள். இரண்டு ஜரிகைப் புடவையைப் போட்டு அம்மா ஒரு செட் பிளாஸ்டிக் டப்பா வாங்கினாள். மூடியில் பூப்போட்டிருந்த அந்த டப்பாக்களைப் பார்க்க அக்கம்பக்கமெல்லாம் வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே டப்பாவில்தான் முப்பது வருடமாக நான் சூடான சாம்பாரை ஊற்றி மகளுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். சில பிளாஸ்டிக்குகளிலிருந்து சாப்பாட்டில் கசியும் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ, என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 1930களிலேயே லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் செயற்கை ஈஸ்ட்ரோஜன் தேடியபோது சோதித்துப் பார்த்தவற்றில் இதுவும் ஒன்று. பெண் ஹார்மோன் போல வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்புறம் 1950களில் கண்ணாடி போலத் தெளிவான, கீழே போட்டாலும் உடையாத பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வந்தபோது அதற்கு மூலப்பொருளே இதுதான். தகர டின்களுக்கு உள்ளே பூசும் பூச்சிலும் இது இருந்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும் என் சமையலறைக்குள் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். சயான் ஸ்டேஷன் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால் தாராவி 90 அடி ரோடு. திருநெல்வேலிக்காரர் ஒருவரின் பாத்திரக் கடை அங்கே இருக்கிறது. எட்டடி அகலம்கூட இருக்காது. கூரை வரை எவர்சில்வர் அடுக்கியிருக்கும். எல்லாரும் அண்ணாச்சி கடை என்றுதான் சொல்கிறார்கள். அவர் பையன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன், அதனால் எனக்கு அங்கே "வாங்க டீச்சர்" என்று ஒரு ஸ்டூல் கிடைக்கும். அந்தச் சலுகை இல்லாதவர்களுக்கும் இதே பொறுமையோடு பதில் சொல்வதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

43 டப்பாவையும் மாற்ற வேண்டும் என்றேன். அவர் உடனே எதையும் இறக்கவில்லை. எதில் என்ன வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "காஞ்ச அரிசி, பருப்பு, ரவை இருக்கிற டப்பாவை இப்பம் விட்டிருங்க டீச்சர். அதுக்கெல்லாம் காசைப் போடாதிய. கொதிக்கக் கொதிக்க ஊத்துறது, எண்ணெய் நிக்கிறது, புளிக்கிறது, இந்த மூணையும் முதல்ல மாத்துங்க" என்றார். பாத்திரம் விற்கிற மனிதர் சொன்ன வார்த்தை இது. வேதியியலும் அதையேதான் சொல்கிறது. சூடும் கொழுப்பும் புளிப்பும்தான் பிளாஸ்டிக்கிலிருந்து பிபிஏவையும், பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளையும் சாப்பாட்டுக்குள் இழுக்கின்றன. டப்பா பழசாகிக் கீறல் விழுந்திருந்தால் இன்னும் அதிகம்.

ஸ்டீல் விஷயத்தில் எனக்கே அங்கே ஒரு பாடம் கிடைத்தது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நானும் நம்பியிருந்தேன். அண்ணாச்சி மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து இரண்டு டப்பாவிலும் வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஒட்டவில்லை. ஒன்று 304 என்ற ரகம், இன்னொன்று 202 ரகம். 304ல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். "காந்தம் ரெண்டையும் பிரிச்சுச் சொல்லாது, டீச்சர். அடியில அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்க, கடைக்காரன் பில்லுல அதை எழுதித் தாரானான்னு பாருங்க." எடை போட்டுத்தான் விற்கிறார். 304 கிலோ 560 ரூபாய், 202 கிலோ 380. மோர், புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வைக்க 304 எடுத்துக்கொண்டேன். இட்லி மாவுக்குப் பெரிய தூக்குவாளி ஒன்று. இட்லித் துணி வெள்ளைப் பருத்தியில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார், அதிலும் இரண்டு மீட்டர். 2025 பிப்ரவரியில் கர்நாடகத்தில் சில ஓட்டல்கள் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போட்டு இட்லி அவிப்பதைச் சுகாதாரத் துறை கண்டுபிடித்ததே, அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து வெளியில் இட்லி சாப்பிட எனக்கு மனம் வருவதில்லை.

தண்ணீர் பாட்டில் பற்றியும் கேட்டேன். மகளிடம் 'பிபிஏ இல்லை' என்று அச்சடித்த பாட்டில் ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். பிபிஏவை எடுத்துவிட்ட பல இடங்களில் அதன் தம்பி தங்கைகளான பிபிஎஸ், பிபிஎஃப் வந்து உட்கார்ந்தன. மூலக்கூறு அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஹார்மோனிடம் நடந்துகொள்ளும் விதமும் அப்படியே. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் அது 'மற்றவை' என்ற வகை. பாலிகார்பனேட் அதில்தான் வரும். 5 என்பது பாலிபுரோப்பிலீன், அதில் பிபிஏ சேர்ப்பதில்லை. என் 43ல் பத்தொன்பதுக்கு எண்ணே இல்லை. ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், ஒற்றைச் சுவர், 340 ரூபாய். அதோடு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

நான் அதிகம் பாராட்ட நினைப்பது இரும்பு தோசைக்கல்லை. வேறு ஒரு கடையில் வாங்கிய நான்ஸ்டிக் தவா என் வீட்டில் இருந்தது. நடுவில் உரிந்து வெள்ளையாகிவிட்டது. உரிந்த துணுக்குகள் எங்கே போயின என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பூச்சைத் தயாரிக்க ஒரு காலத்தில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற அமிலம் 2019ல், எளிதில் அழியாத நச்சுகளுக்கான உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. இயற்கையில் அது அழிவதே இல்லை. பூச்சை வெறுமனே அடுப்பில் காய விட்டால் அதுவும் சிதைந்து புகையாகும்.

அண்ணாச்சி கொடுத்தது பன்னிரண்டு அங்குலக் கல், 720 ரூபாய். கையில் தூக்கினால் மணிக்கட்டு சொல்லும் எடை. எப்படிப் பழக்குவது என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அரிசி களைந்த தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்தேன். தினம் தண்ணீரை மாற்றும்போது கருஞ்சிவப்பாக வந்தது. நாலாம் நாள் தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து, நல்லெண்ணெய் தடவி இரவு முழுக்க வைத்தேன். மறுநாள் சிறு தீயில் காய வைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து, வெங்காயம் கறுத்துச் சுருங்கும் வரை விடவில்லை. முதல் இரண்டு தோசை பிய்ந்தது. மூன்றாவது ஓரம் மட்டும் எழும்பியது. ஐந்தாவது தோசை தானாகவே கல்லை விட்டு வந்து, விளிம்பு பொன்னிறமாக, நடுவில் சின்னச் சின்னக் கண்களோடு தட்டில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழகிய கல்லில் இப்போது அரை ஸ்பூன் எண்ணெய் போதும்.

குறை இல்லாமல் இல்லை. கண்ணாடி ஜாடிகளுக்கு மூடி பிளாஸ்டிக்தான். ஸ்டீல் மூடி கேட்டால் "வரலையே டீச்சர்" என்கிறார். ஊறுகாய்க்கு அதனால் பீங்கான் பரணி எடுத்தேன். மிக்ஸிக்கு அவரிடமும் வழியில்லை. ஜார் ஸ்டீல், மூடி மட்டும் தெளிவான கெட்டி பிளாஸ்டிக். வதக்கிய தக்காளியும் மிளகாயும் நன்றாக ஆறிய பிறகே அரைக்கிறேன், வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து தரமாட்டார்கள். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததில் ஒரு ஜாடி வழியிலேயே விரிசல் விட்டது. மறுநாள் போய்ச் சொன்னேன், ஒரு கேள்வி கேட்காமல் வேறு கொடுத்தார். பொங்கலை ஒட்டிய வாரம் மட்டும் போகாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது.

பில் கையால் எழுதுகிறார், கார்பன் வைத்த பில் புத்தகத்தில். இதைச் சும்மா சொல்லவில்லை. மால் கடைகளில் மெஷினிலிருந்து சுருண்டு வரும் வழுவழுப்பான ரசீதுகளில் எழுத்துத் தெரிவதற்கே பிபிஏ அல்லது பிபிஎஸ் பூசியிருப்பது வழக்கம், அது விரலில் ஒட்டும். அதை வாங்கிக் கைப்பையில் திணிக்காதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அறைக்கு அடிக்கும் வாசனை ஸ்ப்ரேயையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வாசனை நின்று மணக்கத் தாலேட் சேர்ப்பது உண்டு.

கடையிலிருந்து கும்பார்வாடா பக்கத்திலேயே. அங்கே குயவர் வீட்டு வாசலில் புளிக்குழம்புக்கு ஒரு மண்சட்டி வாங்கினேன். பழைய டப்பாக்களில் இருபத்தெட்டை, தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் 13 காம்பவுண்டில் எடைக்குப் போட்டேன். வாங்கியவர் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டே வேறு வேறு மூட்டையில் எறிந்தார்.

எல்லாம் சேர்த்து 6,840 ரூபாய். நசுங்கிய பழைய பாத்திரத்துக்கு 610 கழித்துக்கொண்டார். இது அதிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2011ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்கள், மொத்தம் 20 பேர், மூன்று நாள் மட்டும் டின்னும் பிளாஸ்டிக்கும் தொடாத புது உணவு சாப்பிட்டார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. நாம் போடுவதை நிறுத்தினால் ஓரிரு நாளில் வெளியேற்றிவிடுகிறது. முப்பது வருடச் சாம்பாரை நினைத்துத் தூக்கம் கெட்டிருந்த எனக்கு அந்த ஒரு தகவல் பெரிய ஆறுதல். ஐரோப்பாவில் 2023ல் பிபிஏவுக்கான பாதுகாப்பு அளவை 20,000 மடங்கு இறக்கினார்கள். 2025 ஜனவரியில் உணவு தொடும் பொருள்களில் அதற்குத் தடையும் வந்துவிட்டது. நம் நாட்டில் 2015லேயே பால் புட்டிக்குப் பாலிகார்பனேட் கூடாது என்று தர விதி மாறியது.

புட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. கிளம்பும்போது, தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் எதில் கொடுப்பது என்று கேட்டேன். அண்ணாச்சி மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் பாலாடையை எடுத்து, மூக்கை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இல்லை என்று காட்டினார். நான் பையைத் திறந்தேன். "இப்பம் வேண்டாம் டீச்சர். பிள்ளை பிறக்கட்டும், எடுத்து வச்சிருக்கேன்" என்று காகிதத்தில் சுற்றி, மேலே என் பெயரை எழுதி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.