வன்னிப் பிரதிநிதிகளின் தேர்தல் வரலாறு: வவுனியா வாசிகசாலை ஒன்றின் கோவைச் சேவை பற்றிய மதிப்புரை

வவுனியா நகரில் சில ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய வாசிகசாலை ஒன்று, வன்னியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் வடக்கு மாகாண சபைக்கும் தெரிவானவர்களைப் பற்றித் தனித்தனிக் கோவைகளை, அதாவது தகவல் தொகுப்புகளை, தயாரித்து, கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கின்றது. ஒருவர் எந்த ஆண்டில் எந்தக் கட்சியில், எந்தச் சின்னத்தில் போட்டியிட்டார், வென்றாரா தோற்றாரா, எந்தப் பதவிகளை வகித்தார், சபையில் என்ன பேசினார் என்பவற்றை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது எங்கள் பகுதியில் அரிது. குடியியற் கல்வி கற்பிக்கும் எனக்கு வகுப்புக்கான குறிப்புகள் தேவைப்பட்டன. ஆதலால் சில கோவைகளைப் பெற்று ஆறுதலாக வாசித்தேன். இந்தச் சேவை நல்லது, பயன்படுத்த வேண்டியது என்பதே என் முடிபு. ஆனால் திருத்த வேண்டிய இடங்களும் அதில் இருக்கின்றன.

முதலில் நான் எடுத்தது துரைராசா ரவிகரனின் கோவை. மாகாண சபையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன ஒருவரின் பாதை எப்படி அமைகிறது என்பதை மாணவருக்குக் காட்ட அது பொருத்தமாக இருந்தது. 2013 செப்டெம்பர் 21 அன்று நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலில் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து தெரிவான அவர், 2018 ஒக்டோபரில் சபையின் ஆயுட்காலம் முடியும்வரை உறுப்பினராக இருந்து, 2024 நவம்பர் 14 அன்று நடந்த பொதுத் தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் வன்னி மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றார். இவ்வளவையும் எந்தப் பத்திரிகையிலும் வாசிக்கலாம். கோவையின் பெறுமதி அதற்கு அடுத்த பக்கத்திலே தொடங்குகின்றது. அந்தச் சபையின் 38 ஆசனங்களில் 36 மாவட்டங்களுக்கு உரியவை, மற்ற இரண்டும் முதலிடம் பெற்ற கட்சிக்கான மேலதிக ஆசனங்கள் என்றும், யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தலா 5, கிளிநொச்சிக்கு 4 என அவை பங்கிடப்பட்டன என்றும், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மேலதிக ஆசனங்களோடு 30 இடங்களைப் பெற்றது என்றும் அங்கே விளக்கப்பட்டிருக்கிறது. முல்லைத்தீவின் ஐந்தில் நான்கு கூட்டமைப்புக்குப் போயின. ஒருவருடைய வெற்றியை அவரது கட்சிக்கு அன்று இருந்த அலையோடு சேர்த்துப் பார்க்க இந்தப் பக்கம் உதவுகின்றது.

2018 இற்குப் பின்னர் மாகாண சபைத் தேர்தல் நடைபெறாமைக்கான காரணமும் அதே கோவையில் இருக்கின்றது. 2017 இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் திருத்தப்பட்டது. புதிய தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கையோ 2018 இல் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லைகளும் இல்லை என்ற நிலையில் சபை வெறுமையாகவே கிடக்கின்றது. இதை அறியாமல், மாகாண சபையில் இருந்த ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பில் 2018 இற்கும் 2024 இற்கும் இடையிலான வெற்றிடத்தைப் பார்ப்பவர், மக்கள் அவரைக் கைவிட்டார்கள் என்று நினைத்துவிடக்கூடும். போட்டியிடுவதற்கு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை என்பதை ஒரு பத்தியில் தெளிவாக எழுதி வைத்திருப்பது இந்தச் சேவையின் நிதானத்தைக் காட்டுகிறது.

வாக்குத் தொகைகளைக் கையாளும் விதத்தில்தான் இந்தக் கோவைகள் என் மதிப்பைப் பெற்றன. வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்ற மூன்று தேர்தல் தொகுதிகளையும் ஆறு ஆசனங்களையும் கொண்டது. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு இங்கே 2004 இல் 90,835 வாக்குகளும் ஐந்து ஆசனங்களும் கிடைத்தன. 2010 இல் 41,673 வாக்குகளும் மூன்று ஆசனங்களும். 2015 இல் 89,886 வாக்குகளும் நான்கு ஆசனங்களும். 2020 இல் 69,916 வாக்குகளும் மூன்று ஆசனங்களும். 2024 இல் 29,711 வாக்குகளும் ஓர் ஆசனமும். இந்த எண்களை மட்டும் வரிசையாக எழுதினால் 2010 இல் மக்கள் மனம் மாறி, 2015 இல் மீண்டும் மாறினார்கள் என்ற கதைதான் வரும். கோவை அப்படி விடவில்லை. 2004 இல் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளின் வாக்காளர்கள் எல்லைப் பகுதிகளில் அமைக்கப்பட்ட கொத்தணி வாக்குச் சாவடிகளுக்கு வந்து வாக்களித்ததையும், 2010 ஏப்ரலில் அதே மக்களில் பெருந்தொகையினர் முகாம்களிலோ உறவினர் வீடுகளிலோ, அப்போதுதான் மீளக்குடியமர்ந்து கூரையில்லாத வளவுகளிலோ இருந்ததையும் அது எண்களுக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் இருந்தபடி வன்னிக்கு அளித்த வாக்குகளும் தனியாக எண்ணப்பட்டு அறிவிக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. அந்த வரியையும் கோவை விடாமல் எடுத்துக் காட்டுகின்றது. வன்னியில் ஒரு வாக்குத் தொகையைக் கேட்பவர், அந்த ஆண்டில் சனம் எங்கே இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். இதை இவ்வளவு பொறுப்போடு செய்த வேறொரு தொகுப்பு என் கண்ணில் படவில்லை.

2024 ஆம் ஆண்டுப் பக்கமும் அதே கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்குகளுடன் இரண்டு ஆசனங்களைப் பெற, 32,232 வாக்குகள் பெற்ற ஐக்கிய மக்கள் சக்திக்கும், 29,711 வாக்குகள் பெற்ற தமிழரசுக் கட்சிக்கும், 21,102 வாக்குகள் பெற்ற ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணிக்கும், 17,710 வாக்குகள் பெற்ற இலங்கை தொழிற் கட்சிக்கும் தலா ஒன்றே கிடைத்தது. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட பின்னரே மற்ற ஐந்தும் வாக்கு விகிதப்படி பங்கிடப்படுகின்றன என்ற கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். என் மாணவர்கள் அந்தப் பக்கத்தை வைத்துத் தாங்களே கணக்கைச் செய்து பார்த்தார்கள். வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சியும் சங்குச் சின்னத்து ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியும் பிரிந்து நின்றதால் என்ன நேர்ந்தது என்று அவர்களுக்குள் எழுந்த விவாதம் பாடவேளை முடிந்த பின்னும் ஓயவில்லை.

கட்சியின் வாக்கு வேறு, ஆளின் வாக்கு வேறு என்பதைப் பிரித்துக் காட்டுவதிலும் கோவைகள் கவனமாக இருக்கின்றன. வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி இட்டு, அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு அளிக்கலாம் என்பதால், கட்சி எத்தனை ஆசனம் பெறுகிறது என்பதை முதலாவதும், அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை இரண்டாவதும் தீர்மானிக்கின்றன. செல்வம் அடைக்கலநாதன் 2000 ஆம் ஆண்டு முதல் 2024 வரை நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் வன்னியிலிருந்து தெரிவாகியிருக்கிறார். 2004 முதல் 2020 வரை வீட்டுச் சின்னத்திலும், 2024 இல் சங்குச் சின்னத்திலும் நின்றார். றிசாட் பதியுதீன் 2010 இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பிலும், 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைமையிலான முன்னணியிலும், 2020 இலும் 2024 இலும் ஐக்கிய மக்கள் சக்தியிலும் நின்று வென்றார். காதர் மஸ்தான் 2015 இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, 2020 இல் பொதுஜன பெரமுன, 2024 இல் இலங்கை தொழிற் கட்சி என்று மூன்று தேர்தல்களில் மூன்று பட்டியல்களில் வென்றவர். இவர்களில் எவரையும் கோவை புகழவில்லை, இகழவுமில்லை. ஆண்டு, சின்னம், பெறுபேறு என்ற மூன்றையும் நேர்வரிசையில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. மேடைப் பேச்சிலும் மலர்களின் வாழ்த்துச் செய்திகளிலும் அடைமொழிகளையே கேட்டுப் பழகிய எங்களுக்கு இந்த எழுத்துநடை மிகவும் தேவையானது.

வாக்கு வழியாக வராதவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. வவுனியாவைச் சேர்ந்த மருத்துவர் ப. சத்தியலிங்கம் 2013 இல் மாகாண சபைக்குத் தெரிவாகிச் சுகாதார அமைச்சராக இருந்தவர். 2024 இல் தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். இந்த வேறுபாடு கோவையில் மறைக்கப்படவில்லை. மன்னாரைச் சேர்ந்த பா. டெனிஸ்வரன் மாகாண அமைச்சுப் பதவியிலிருந்து 2017 இல் நீக்கப்பட்டதும், அந்த நீக்கத்துக்கு 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் சுருக்கமாக இருக்கின்றன. மாகாண அமைச்சரை நீக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வியை எழுப்பிய வழக்கு அது. இரண்டு வரியில் முடித்திருக்கக் கூடாது என்பது என் குறை.

பழைய காலத்துக் கோவைகள் மெல்லியவை. 1947 இல் மன்னாரிலிருந்து சென்ற சிற்றம்பலமும், பின்னாளில் அடங்காத் தமிழன் என்று அறியப்பட்ட வவுனியாவின் சுந்தரலிங்கமும் முதலாவது அமைச்சரவையில் அமைச்சர்களாக இருந்தார்கள் என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. 1977 பகுதி சற்று மேலானது. மன்னாரில் சூசைதாசன், வவுனியாவில் சிவசிதம்பரம், முல்லைத்தீவில் செல்லத்தம்பு, கிளிநொச்சியில் ஆனந்தசங்கரி என நான்கு தொகுதிகளிலும் தமிழர் விடுதலைக் கூட்டணியே வென்றது. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பினால் அந்த நாடாளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டதும், 1983 ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தின்படி, தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்ததும், அதன்பின் 1989 வரை வன்னி மக்கள் தெரிவு செய்த எவரும் அந்தச் சபையில் இல்லாமற் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரு பிரதேசம் இத்தனை ஆண்டுகள் குரலற்று இருந்ததை எங்கள் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

சபையில் ஆற்றிய பணி பற்றிய பகுதிக்கு, நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சாட்டின் பக்கங்களே ஆதாரம். ஒருவர் பேசிய மொழியிலேயே பேச்சு அதில் அச்சாவதால், எங்கள் உறுப்பினர் தமிழில் கேட்ட கேள்வியை நாங்கள் வாசிக்கலாம். அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதிலோ எங்களில் பலருக்கு எட்டுவதில்லை. அந்தப் பதில்களைத் தமிழில் சுருக்கி எழுதி இணைத்திருப்பது பெரிய உதவி. காணி விடுவிப்பு, குளங்களின் புனரமைப்பு, கடற்றொழில், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பதும் நன்று. ஆனால் பல சுருக்கங்களில் திகதி இல்லை. திகதி இல்லாத சுருக்கத்தை மூலத்தோடு ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாததை வகுப்பில் கொடுக்கவும் என்னால் முடியாது. இதைச் சொன்னபோது அங்கிருந்த நூலகர், “அது எங்கட பிழைதான் ரீச்சர், எழுதேக்க திகதியைப் போட விட்டிட்டம், திருத்தித் தாறம்” என்றார். அடுத்து நான் பெற்ற கோவையில் திகதிகள் இருந்தன. பழையவற்றில் இன்னும் இல்லை. செல்வம் அடைக்கலநாதன் 2015 முதல் 2020 வரை குழுக்களின் பிரதித் தவிசாளராக இருந்தார் என்று எழுதிய இடத்தில், அந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு விளக்கம் சேர்த்தால் வாசகருக்குப் பயன்படும்.

இன்னொரு பெரிய குறை கிளிநொச்சி. எங்கள் பேச்சில் கிளிநொச்சியும் வன்னிதான். ஆனால் தேர்தல் கணக்கில் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதி. வாசிகசாலை தேர்தல் எல்லையைப் பின்பற்றுவதால், 1977 இன் ஆனந்தசங்கரிக்குப் பின்னர் கிளிநொச்சி கோவைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிடுகின்றது. பரந்தனிலோ பூநகரியிலோ இருந்து பேருந்தில் வந்து கேட்பவருக்குக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. யாழ்ப்பாணப் பெறுபேற்றிலிருந்து கிளிநொச்சித் தொகுதியின் வாக்குகளைப் பிரித்தெடுப்பது முடியாத வேலை அல்ல. அவை தொகுதிவாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. அதேபோல, முன்னர் வன்னியில் தெரிவாகிப் பின்னர் வேறு மாவட்டத்துக்குப் போனவர்களின் கோவை பாதியில் நின்றுவிடுகின்றது. த. சித்தார்த்தன் 1994 இல் வன்னியிலிருந்தும் 2015 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் தெரிவானவர். அவருடைய கோவையில் இரண்டாவது பகுதி இல்லை.

கட்டணம் நியாயமானது. பிரதி எடுக்கும் செலவை மட்டுமே வாங்குகிறார்கள். மாணவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. பழைய பத்திரிகை நறுக்குகளின் பிரதிகள் மங்கலாக வருகின்றன என்பதால், முக்கியமானவற்றை அங்கேயே இருந்து மூலத்தில் வாசித்துக் குறிப்பெடுப்பது நல்லது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக ஊர் வேலைகளுக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் உங்கள் ஊருக்கு என்ன ஒதுக்கப்பட்டது என்பதை அறிய விரும்பினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதவும் அங்கே உதவுகிறார்கள். நெடுங்கேணி, மாங்குளம், மடு பக்கமிருந்து வருபவர்கள் எந்த உறுப்பினரின் கோவை வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போவது நன்று. கோவையைத் தேடி எடுத்துப் பிரதி செய்ய நேரம் பிடிக்கிறது, பிற்பகலில் கடைசிப் பேருந்தும் தவறிவிடலாம்.