டிபேஸ் த்ரீ பிளஸ்: டெலீட் சொன்னால் அழிக்காத டேட்டாபேஸ்

பரணில் கிடந்த ஃபிளாப்பியிலிருந்து மகன் டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக் கொடுத்தான். பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் போட்டு ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு நூற்பாலையில் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். எஸ்கேப்பை அழுத்தி அசிஸ்டென்ட் மெனுவைத் தள்ளிவிட்டதும், ஒரே ஒரு புள்ளி வந்து நின்றது. டாட் பிராம்ப்ட். என்ன வேண்டும் என்று கேட்காது, சும்மா நிற்கும். கை தானாக, ஃபைலைத் திறக்கும் 'யூஸ்' கட்டளையை அடித்தது.

வேகத்தில் குறையே இல்லை. ஆனால் புதிதாகத் தொடுபவர்களை இதன் சொற்கள் படுத்தும். 'டெலீட்' என்றால் அழியாது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும், அதாவது ஒரு ஆளின் விவர வரிக்கும், முன்னால் ஒரு பைட் காலியாக இருக்கும். டெலீட் சொன்னதும் அதில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ஃபைலின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், காலி இடத்தின் குறியீடான 20 இருந்த இடத்தில் நட்சத்திரத்தின் 2ஏ இருக்கும். ஆளின் பெயரும் சம்பளமும் அப்படியே பக்கத்தில்.

அந்த நட்சத்திரம்தான் ஒரு மாதக் கடைசியில் என் வேலையைக் காப்பாற்றியது. விலகிப்போன ஒருவரை நீக்கப் போய், யாரை என்று சொல்லும் 'ஃபார்' நிபந்தனையை மறந்துவிட்டு 'டெலீட் ஆல்' அடித்துவிட்டேன். 312 ரெக்கார்டுகள் டெலீட் ஆனதாகத் திரை சொன்னது. மில்லில் மொத்தமே 312 பேர். வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் 'ரீகால் ஆல்'. 312 பேரும் திரும்பி வந்தார்கள். மேனேஜர் சாருக்கு இன்றுவரை தெரியாது.

நிஜமாகவே அழிக்க வேண்டுமென்றால் 'பேக்'. நட்சத்திரம் போட்டவற்றை விட்டுவிட்டு மற்றதை நெருக்கி அடுக்கும், மூட்டை கட்டுவது போல. 'ஸாப்' அடித்தால் மொத்தமும் காலி. அந்தச் சொல்லே காமிக்ஸில் கதிர்த் துப்பாக்கி எழுப்பும் சத்தம். எனக்குப் பிடிக்காதது 'செட் டெலீட்டட் ஆன்'. ஆன் என்றால் அழித்தவற்றைக் காட்டும் என்றுதானே நினைப்போம்? மறைக்கும். இதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

பெயரிலேயே ஒரு தில்லுமுல்லு உண்டு. 1978 வாக்கில் கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் இருந்த வேய்ன் ராட்லிஃப், ஆபீஸில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் மேல் கட்டும் பந்தயத்தில் ஜெயிப்பதற்குக் கணக்குப் பார்க்கத்தான் இதை எழுத ஆரம்பித்தார். அந்த லேபின் பெரிய கம்ப்யூட்டரில் ஓடிய ஜேபிஎல்டிஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராம்தான் முன்மாதிரி. ஸ்டார் டிரெக் தொடரில் வரும் வல்கன் இனத்து ஸ்பாக்கை நினைத்து 'வல்கன்' என்று பெயர் வைத்தார். விற்பனைக்கு எடுத்த ஜார்ஜ் டேட்டும் ஹால் லாஷ்லியும் அதை 'டிபேஸ் டூ' ஆக்கினார்கள். ஒன்று எங்கே? இல்லவே இல்லை. இரண்டு என்றால் முதல் பதிப்பின் கோளாறெல்லாம் சரியாகிவிட்டது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார்! கம்பெனிப் பெயர் ஆஷ்டன்-டேட். அந்த ஆஷ்டனும் யாருமில்லை, காதுக்கு நன்றாக இருந்ததால் சேர்த்தது. பிறகு ஒரு கிளிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

1991இல் கம்பெனியை போர்லாண்ட் வாங்கிவிட்டது. ஃபைல் வடிவம் மட்டும் இன்னும் இருக்கிறது. மகன் வரைபட வேலை பார்க்கிறான். வரைபடத் தகவலை வைக்கும் ஷேப்ஃபைலில் பத்தியின் (காலம்) பெயர் 10 எழுத்தோடு வெட்டுப்படுகிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது டிபேஸின் டிபிஎஃப் ஃபைல்தான், அந்த வரம்பு என் காலத்திலேயே உண்டு என்றேன். "அம்மா, இதெல்லாம் உங்க வேலைதானா?" என்கிறான்.

ஐந்துக்கு நான்கு. புது வேலைக்கு யாரும் இதை எடுக்காதீர்கள். பழைய டிபிஎஃப் கையில் இருந்தால் 'பேக்' அடிப்பதற்கு முன் ஒரு காப்பி எடுத்துவிட்டு, 'லிஸ்ட்' போட்டுப் பாருங்கள். என்னுடையதில் ரெக்கார்டு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தோடு, அந்த விலகிப்போனவர் இன்னும் இருக்கிறார்.