ரைசன் 7600, ஐ5 12400எஃப்: போர்டைப் பார்த்து எடுத்த முடிவு

2025 ஏப்ரலில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கையில் 80,000 ரூபாய். 1080பி மானிட்டர் வீட்டிலேயே இருந்தது. பட்ஜெட்டில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் என்பதில் குழப்பமில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 என்று முடிவு செய்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்டையைக் குடைந்தது பிராசஸரும், அதை மாட்டும் மதர்போர்டும்.

ஒரு கொட்டேஷனில் இன்டெல் ஐ5 12400எஃப், எச்610 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். இன்னொன்றில் ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5; இது டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறை ரேம், ஒன்றின் போர்டில் மற்றது பொருந்தாது. இரண்டு பிராசஸரிலும் 6 கோர், 12 த்ரெட். இன்டெல் கொட்டேஷன் ஏறக்குறைய 12,000 ரூபாய் மலிவு.

4060 மாதிரியான கார்டை வைத்துப் பெரிய கேம்களை ஓட்டும்போது, பெரும்பாலும் கார்டுதான் முதலில் திணறும். வாலரன்ட் போல ஃபிரேம் (வினாடிக்குத் திரையில் வரும் படங்கள்) எகிறும் கேம்களில் 7600 முந்தும். மற்றபடி இன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தால் 12400எஃப் காசுக்கேற்ற சரக்கு. அதை நண்பன் வீட்டில் சில நாள் ஓட்டிப் பார்த்ததோடு சரி. அந்த அளவில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

இருந்தும் 7600 வாங்கியதற்குக் காரணம் போர்டு. என் தம்பி 2018இல் பி450 போர்டில் ரைசன் 5 2600 போட்டான். ஆறு வருடம் கழித்து அதே போர்டில், அதே ரேமோடு, 5700எக்ஸ்3டி பிராசஸரை மாட்டினோம் (எக்ஸ்3டி என்றால் கேமுக்குக் கைகொடுக்கும் கூடுதல் கேஷ் நினைவகம் உள்ள ரகம்). பழைய பிராசஸர் இருக்கும்போதே, போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம் என்பதால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்தோம். அரை மணி நேர வேலை. விண்டோஸைக்கூட மறுபடி போடவில்லை. ஃபிரேம் திக்கித் திக்கி வந்த கேம்கள் அன்று மாலையே வழுக்கிக்கொண்டு ஓடின.

12400எஃப் உட்காரும் 1700 சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) அந்த வழி குறுகல். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு அதன் பெரிய பயணம் முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851 என்ற வேறு சாக்கெட். பின்னாளில் ஒரு 14ஆம் தலைமுறை ஐ7 போடலாமே என்றால், மலிவான எச்610 போர்டின் மின்சுற்று அதன் முழு வேகத்தைத் தாங்குவது கஷ்டம். அப்புறம் போர்டையும் மாற்ற வேண்டும். புதிய சாக்கெட்டுக்குப் போனால் ரேமையும் சேர்த்து. இன்று மிச்சமாகும் 12,000 அன்றைக்கு எந்த மூலைக்கு?

7600 உட்காருவது 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில். அதில் ரைசன் 7000 வரிசையும் உட்காரும், 2024இல் வந்த 9000 வரிசையும் உட்காரும். 2027க்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்னும் சில வருடம் கழித்து, விலை இறங்கிய ஒரு எக்ஸ்3டி பிராசஸரை இதே போர்டில் போடுவதுதான் என் திட்டம்.

வாங்கிய பிறகு புரிந்த நன்மை ஒன்று உண்டு. 7600க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. 12400எஃப்பில் அது கிடையாது. என் கார்டு மூன்று வாரம் வாரண்டிக்குப் போயிருந்தபோது, போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகி அலுவலக வேலையை ஓட்டினேன். முதல் தடவை ஆன் செய்யும்போது மட்டும் பதறாதீர்கள். டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும்.

நான் வாங்கிய நேரம் ரேம் மலிவு. 2025 கடைசியில் அதன் விலை தாறுமாறாக ஏறியது. கையில் நல்ல டிடிஆர்4 ரேம் இருப்பவருக்கு ஏஎம்5 போகச் சொல்ல இன்று எனக்கே மனம் வராது. அவருக்கு 12400எஃப் சரி, டிடிஆர்4இலேயே ஓடும் பழைய ரைசன் 5 5600உம் சரி. பழைய பி450 போர்டும் இருந்தால் புதுப் போர்டே வேண்டாம். பயாஸை அப்டேட் செய்து 5600ஐ மாட்டிவிட்டு, மிச்சப் பணத்தைக் கார்டில் போடட்டும்.